நைதரசனும் பயிரும்: ஓர் அறிவு வளர்ந்த வரலாறு

உழவின் சிறப்பை உரைக்கப் புகுந்த வள்ளுவர் எருவுக்கு ஏரினும் உயர்ந்த இடத்தை அளித்தார். எரு நன்மை பயக்கும் என்பதை நம் முன்னோர் ஐயந்திரிபற அறிந்திருந்தனர். ஆயின், எருவிலுள்ள எப்பொருள் பயிருக்கு உணவாகின்றது, அது எவ்வடிவில் வேரினுட் புகுகின்றது, புகுந்தபின் யாதாகின்றது என்னும் வினாக்களுக்கு விடை காண உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடையின் பெரும்பகுதி நைதரசன் என்னும் ஒரு மூலகத்தைப் பற்றியதாகும்.

இக்கட்டுரையாளன் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லன், வரலாறு கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவனொருவன், “காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன் என்று படிக்கின்றோம். அவ்வாறாயின் கமக்காரன் காசு கொடுத்து யூரியா வாங்குவது எதற்காக?” என்று வினவினான். அன்று உடனே விடையிறுக்க முடியவில்லை. தேடிப் படித்தபோது, அறிஞர் பலர் இதே வினாவினால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழிக்கப்பட்டனர் என்பது தெரியவந்தது. அவர்கள் எய்திய வெற்றிகளைப்போலவே அவர்கள் செய்த பிழைகளும் நமக்குப் பாடமாவன. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முயல்வாம்.

பயிரின் உணவு பற்றிய முதற் பெரும் பரிசோதனை வான் ஹெல்மொன்ற் என்பாரால் நடத்தப்பட்டது. அவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை ஒரு கலத்திலிட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். ஈற்றில் மரம் 169 இறாத்தலுக்குச் சிறிது மேற்பட நிறுத்தது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. எனவே மரம் முழுவதும் நீரினாலேயே ஆயது என அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின் 1648ஆம் ஆண்டில் இம்முடிவு அச்சேறியது. காற்றிலிருந்து மரம் பெற்றதை அவர் நினைத்தும் பார்த்திலர்; குறைந்த இரண்டு அவுன்சு மண்ணையும் ஒரு பொருளாக மதித்திலர். அந்த இரண்டு அவுன்சிலே பெரும் இரகசியமொன்று அடங்கிக் கிடந்தது என்பதை இன்று நாம் அறிவோம். 1699 இல் யோன் வூட்வாட் என்னும் ஆங்கிலேயர் புதினாச் செடியை மழைநீரிலும் தேம்சு நதி நீரிலும் தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்து, மண் கலந்த நீரிலேயே செடி செழித்ததைக் கண்டார். நீரன்றி மண்ணிலுள்ள பொருளும் வேண்டும் என்பது அதனாற் புலனாயிற்று.

மண்ணிலுள்ள அப்பொருள் யாது? பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளௌபர் என்னும் ஜேர்மன் இரசாயனியார் மாட்டுத் தொழுவ மண்ணிலிருந்து வெடியுப்பைப் பிரித்தெடுத்தார். அவ்வுப்பே பயிர் வளர்ச்சியின் மூலம் என அவர் கருதினார். அக்காலத்தில் வெடியுப்பு அரசர்களுக்குரிய பொருள்; வெடிமருந்துக்கு இன்றியமையாதது. பீகாரிலிருந்து ஐரோப்பிய வணிகர் கப்பல் கப்பலாக அதனை ஏற்றிச் சென்றமையை வரலாறு படிப்போர் அறிவர். போர்க்களத்துக்கும் வயலுக்கும் பொதுவான இவ்வுப்பு நம் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றக் காண்போம்.

1772இல் டானியேல் றதபோட் என்பார் காற்றிலிருந்து நைதரசனை வேறுபிரித்தறிந்தார். அவ்வாயுவில் உயிர்கள் வாழமாட்டாமையின் இலவோசியே அதற்கு உயிரற்றது என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1790இல் சப்தால் என்பவர், வெடியுப்பை ஆக்குவது என்னும் பொருளில் அதற்கு இப்போது வழங்கும் பெயரைச் சூட்டினார். உயிரற்றது எனப் பெயர் பெற்ற பொருளே உயிரினது புரதங்கள் அனைத்திற்கும் அடிப்படையாயிருப்பது வியப்புக்குரியதன்றோ?

1804ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்துத் தெயொடோர் த சொசூர், தாவரம் தனது காபனைக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்து பெறுகின்றது என்றும், நைதரசனையோ காற்றிலிருந்தன்றி வேரின் வழியாக மண்ணிலிருந்தே பெறுகின்றது என்றும் நிறுவினார். எனினும் இது எளிதில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பிரான்சு நாட்டுப் பூசங்கோ என்பார் அல்சாசிலிருந்த தம் பண்ணையிலே எருவையும் விளைச்சலையும் நிறுத்துப் பகுத்து வரவுசெலவுக் கணக்கு எழுதினார். 1838இல் அவர் கண்டது ஒரு புதிர்: கோதுமை மண்ணிலிட்ட நைதரசனைவிட மிகுதியாகப் பெறவில்லை, குளோவரும் பட்டாணியுமோ எங்கிருந்தோ மிகுதியாகப் பெற்றிருந்தன. பின்னர், 1850களில், சூட்டினாற் தூய்மைசெய்யப்பட்ட மண்ணில் மூடிய கலத்துள் அவர் இப்பரிசோதனையை மேலுங் கண்டிப்பாக நடத்தியபோது அம்மிகுதி தோன்றவில்லை. தம் முதற் பரிசோதனையே பிழை என அவர் எண்ணலாயினார். உண்மையில் இரண்டும் சரியானவையே. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

1840இல் ஜேர்மனியில் யுஸ்ரஸ் வொன் லீபிக் வெளியிட்ட நூல் ஐரோப்பாவையே அதிரச் செய்தது. மண்ணிலுள்ள உக்கலே பயிரின் உணவு என்னும் பழங்கொள்கையை அவர் தகர்த்தெறிந்தார். பயிரின் உணவு கனிப்பொருள்களே என்றார். இதுவரையில் அவர் கூற்று பெரும்பாலும் உண்மை. ஆயின் நைதரசனைப் பற்றிக் கூறுமிடத்து அவர் வழுவினார். மழைநீருடன் வானத்திலிருந்து இறங்கும் அமோனியாவே பயிருக்குப் போதுமானது. கமக்காரன் சாம்பற் பொருள்களை மட்டும் ஈடுசெய்தாற் போதும் என வாதிட்டார். அக்கொள்கையின்படி 1845இல் தயாரிக்கப்பட்ட அவரது பசளை இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்து தோல்வியுற்றது.

அத்தோல்வியைத் தெளிவாகக் காட்டியது ஆய்வுகூடமன்று, வயலே. 1843இல் யோன் லோஸ் என்னும் நிலக்கிழாரும் யோசெப் கில்பேட் என்னும் இரசாயனியாரும் றொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் ஒரு கோதுமை வயலைப் பல துண்டங்களாகப் பிரித்தனர். ஒன்றுக்கு எருவே இல்லை, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்குச் சாம்பற் கனிப்பொருள் மட்டும், வேறு சிலவற்றுக்கு அவற்றுடன் அமோனியம் உப்புக்கள். கனிப்பொருள் மட்டும் பெற்ற துண்டம் எருவில்லாத துண்டத்தினும் சிறிதே மேம்பட்டது. அமோனியம் சேர்க்கப்பட்ட துண்டங்களில் விளைச்சல் பெரிதும் பெருகியது. வானத்து அமோனியா போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. லீபிக்கோ தம் கருத்தை எளிதில் விட்டாரல்லர். வாதம் பல்லாண்டுகள் நீடித்தது. அவ்வயலோ இன்றும் அவ்வாறே விதைக்கப்பட்டு அறுக்கப்படுகின்றது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வினாவை ஒரு நிலத்திடம் கேட்டுக்கொண்டிருப்பது பொறுமைக்கு ஓர் எடுத்துக்காட்டு எனலாம்.

பயிர் மண்ணிலிருந்து நைதரசனைப் பெறுகின்றது என்பது உறுதியாயிற்று. எவ்வடிவில்? மண்ணில் அது பெரும்பாலும் இரண்டு கனிப்பொருள் வடிவங்களில் வேருக்குக் கிடைக்கின்றது. ஒன்று அமோனியம், மற்றையது நைத்திரேற்று. முன்னது நேரேற்றமுடையது, பின்னது எதிரேற்றமுடையது. 1850இல் வே என்னும் ஆங்கில இரசாயனியார், தொம்சன் என்பாரின் முன்னைய அவதானிப்பைப் பின்பற்றி, அமோனியம் உப்புக் கரைசலை மண்ணினூடாக வடியவிட்டார். அமோனியா மண்ணிலே தங்கிற்று. அதற்கீடாகச் சுண்ணாம்பு வெளிவந்தது. களிமண்ணின் நுண்டுகள்கள் எதிரேற்றமுடையனவாதலின் அமோனியத்தைப் பற்றிக்கொள்கின்றன. நைத்திரேற்றை அவை பற்றுவதில்லை. அது நீரோடு நீராகக் கீழே செல்கின்றது. இவ்வொரு வேற்றுமையிலேயே பசளையிடும் கலையின் பாதி அடங்கியுள்ளது.

1860ஐ அடுத்த ஆண்டுகளில் சக்ஸ், க்னொப் என்னும் ஜேர்மானியர் இருவர் மண்ணே இன்றி, உப்புக்கள் கரைந்த நீரில் பயிரை வித்திலிருந்து வித்துவரை வளர்த்துக் காட்டினர். அவர்தம் கரைசல்களில் நைதரசனைத் தந்தது நைத்திரேற்றே. அமோனியம் தந்த கரைசல்களிற் பயிர் பலமுறை நலிந்தது. எனவே நைத்திரேற்றே பயிரின் உணவு, அமோனியம் அன்று எனப் பலரும் எண்ணலாயினர். ஆயின் வயலில் அமோனியம் விளைச்சலைப் பெருக்கியதே, அது எங்ஙனம்?

விடை 1877இல் பிரான்சிலே கிடைத்தது. சுலோசிங், மியூன்ற்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரம்பிய நீண்ட குழாயினூடாகக் கழிவுநீரை மெல்லென வடியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் யாதொரு மாற்றமும் இல்லை. பின்னர் அமோனியா மறைந்து நைத்திரேற்றுத் தோன்றலாயிற்று. வெறும் இரசாயன மாற்றமாயின் இருபது நாள் தாமதம் ஏன்? குளோரோபோம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றது. ஆவியை அகற்றித் தோட்டமண் கலந்த சிறிது நீரை ஊற்ற மீண்டும் தொடங்கிற்று. இது உயிர்களின் செயலென்பது ஐயமறத் துணியப்பட்டது. வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890இல் அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து, ஓரினம் அமோனியாவை நைத்திரைற்றாகவும் வேறோரினம் நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுவதைக் காட்டினார். கிளௌபர் கண்ட தொழுவத்து வெடியுப்பும் பீகார் மண்ணின் வெடியுப்பும் இச்சிற்றுயிர்களின் உழைப்பே.

பூசங்கோவின் புதிரும் அக்காலத்திலேயே அவிழ்ந்தது. 1886இல் ஹெல்றீகல், வில்வாத் என்போர், அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பிணைத்துத் தருகின்றன என அறிவித்தனர். 1888இல் ஒல்லாந்தராகிய பையரிங்க் அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். மண்ணைச் சுட்டுத் தூய்மைசெய்தபோது பூசங்கோ அறியாமலே அவற்றையும் கொன்றுவிட்டார். அதனாலேயே அவருடைய இரண்டாம் பரிசோதனை வேறு விடை தந்தது. நம் கமக்காரர் நெல்லறுத்த வயலிற் சணல் விதைத்து, அது பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் இவ்வுண்மையின் மேல் எழுந்த வழக்கமே. என் தந்தையாரும் அவ்வாறு செய்தார். “மண்ணுக்கு நல்லது” என்பதற்கு மேல் அவர் காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கிருக்கவில்லை.

அமோனியத்தைப் பயிர் நேரே உண்ணுமா என்னும் வினா எஞ்சி நின்றது. சிற்றுயிர்களை முற்றாக நீக்கிய ஊடகங்களில் நடத்தப்பட்ட பரிசோதனைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உண்ணும் என்றே விடை தந்தன. முன்னைய கரைசல்களிற் பயிர் நலிந்ததற்கு ஒரு முக்கிய காரணம் பின்னர் விளங்கிற்று. அமோனியத்தை எடுக்கும் வேர் அதற்கீடாக அமிலத்தன்மையை வெளிவிடுகின்றது. நைத்திரேற்றை எடுக்கும்போது இதற்கு மாறாகச் சூழல் காரத்தன்மை நோக்கிச் செல்கின்றது. சிறு கலத்து நீரில் அவ்வமிலமே வேரை வாட்டியது. உருசிய அறிஞர் பிறியானிஷ்னிக்கொவ், மிகுந்த அமோனியாவைச் செடி அஸ்பரசீன் என்னும் பொருளாக்கித் தீங்கின்றிச் சேமிக்கின்றது என நிறுவி, அமோனியமும் நல்லுணவே என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வினால் நிலைநாட்டினார்.

இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி செடியின் உள்ளே புகுந்தது. நைத்திரேற்றைச் செடி அவ்வாறே புரதமாக்க இயலாது. முதலில் அதனை நைத்திரைற்றாகவும், பின் அமோனியமாகவும் தாழ்த்தவேண்டும். முதற்படியை நடத்தும் நொதியத்தை 1953இல் எவன்ஸ், நேசன் என்போர் சோயா அவரை இலைகளிலிருந்து பிரித்துக் காட்டினர். அந்நொதியத்துக்கு மொலித்தனம் என்னும் உலோகம் அணுவளவேனும் வேண்டும். இரண்டாம்படி இலையின் பச்சையவுருமணிகளிலே பெரும்பாலும் சூரிய ஒளியின் வலியால் நடைபெறுகின்றது. இங்ஙனம் தோன்றிய அமோனியமும், வேர் நேரே எடுத்த அமோனியமும் குளூற்றமீன் என்னும் பொருளாகி, அதிலிருந்து பிற அமினோவமிலங்களாகின்றன. இவ்வழியின் முழுவடிவம் 1974இலேயே தெளிவாயிற்று. நைத்திரேற்றை வேரினுட் கொண்டுசெல்லும் புரதத்துக்குரிய பரம்பரையலகு 1993இலும், அமோனியத்தைக் கொண்டுசெல்வது 1994இலும் இனங்காணப்பட்டன.

ஆகவே இரு வடிவங்களுக்கும் இரு குணங்கள் உள. நைத்திரேற்றைச் செடி தன் கலங்களிற் சேமித்து வைக்கலாம். ஆயின் அதனைத் தாழ்த்தச் சக்தி செலவிடவேண்டும். அமோனியத்துக்கு அச்செலவு இல்லை. ஆயின் அதனைப் பெருமளவிற் சேமிக்க முடியாது. உடனுக்குடன் வெல்லப் பொருள்களுடன் பிணைக்காவிடின் நஞ்சாகும். எது சிறந்தது என்று பொதுவாக வினவுவது பொருந்தாது; எப்பயிருக்கு, எம்மண்ணில் என்றே வினவவேண்டும்.

இதற்கு நெல்லே தக்க சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யப்பானில் நகவோக்கா என்பாரும், 1911இல் ஹவாயில் கெல்லி என்பாரும், வெள்ளம் நிற்கும் வயலில் நெல்லுக்கு அமோனியம் உப்புக்களே நைத்திரேற்றினும் மேலானவை எனக் கண்டனர். 1913 முதல் கோயம்புத்தூரில் ஹரிசனும் சுப்பிரமணிய ஐயரும் சேற்று வயலின் வாயுக்களை ஆராய்ந்து, கீழ்மண் ஒட்சிசனற்றது என்பதையும், நீரோடு ஒட்டிய மேற்படையில் வாழும் பாசிகள் ஒட்சிசனை உண்டாக்குவதையும் காட்டினர். ஒட்சிசனற்ற சேற்றில் நைத்திரேற்று நிலைப்பதில்லை. அங்குள்ள பற்றீரியாக்கள் அதன் ஒட்சிசனைக் கவர்ந்துகொண்டு நைதரசனை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. மேற்படையிலிடும் அமோனியமும் அங்கு நைத்திரேற்றாகி, கீழிறங்கி, இவ்வாறே தொலையும் என்பதை யப்பானிய அறிஞர் சியொயிரி விளக்கி, பசளையைச் சேற்றின் ஆழத்திற் சேர்க்கும் முறையை வலியுறுத்தினார். மேட்டுநிலத் தோட்டத்திலோ அமோனியமும் யூரியாவும் இட்ட சில வாரங்களுள் நைத்திரேற்றாகிவிடுகின்றன. மிளகாயும் வெங்காயமும் பெரும்பாலும் அதனையே உண்கின்றன.

இவ்வறிவுக்கு அரசியல் வரலாறும் உண்டு. சிலி நாட்டு வெடியுப்புப் பாலைவனங்களின் பொருட்டு 1879இல் சிலியும் பெருவும் பொலிவியாவும் போரிட்டன. அவ்வளமும் ஒருநாள் தீரும், உலகம் பட்டினியுறும் என 1898இல் வில்லியம் குறூக்ஸ் எச்சரித்தார். 1909இல் ஹேபர் காற்றின் நைதரசனை ஐதரசனுடன் சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். பொஷ் என்பார் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913இல் ஜேர்மனியின் ஒப்பவ் நகரில் ஆலை இயங்கிற்று. மறு ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் மூண்டது. அவ்வமோனியா வெடிமருந்தாகவும் சென்றது. மாணவன் கேட்ட வினாவுக்கு விடையும் இதுவே. காற்றின் நைதரசனில் இரண்டு அணுக்கள் மும்மடிப் பிணைப்பால் இறுகியுள்ளன. அப்பிணைப்பை அவிழ்க்க ஒருசில பற்றீரியாக்களாலோ, மின்னலாலோ, பெருவெப்பமும் அமுக்கமும் உள்ள ஆலைகளாலோதான் இயலும். நெற்பயிரால் இயலாது. கமக்காரன் யூரியாவுக்குக் கொடுக்கும் காசு அப்பிணைப்பை அவிழ்த்த கூலியாகும்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதனையடுத்த பெரும்போகத்தில் நெல்விளைவு பெரிதும் வீழ்ந்தது. இதன் காரணத்தைச் சிறு கணக்கொன்று விளக்கும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. பச்சைச் சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்களவே இருப்பதால், அதே அளவைப் பெற ஒன்பது தொன்னுக்கு மேற்பட்ட சாணம் வேண்டும். அதுவும் முதற் போகத்திலேயே முழுவதும் அமோனியமாகி வேருக்குக் கிட்டுவதில்லை. எரு தீதன்று, அது மண்ணை வளர்க்கும். ஆயின் ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தை நிரப்பும் என எதிர்பார்த்தது, வானத்து அமோனியா போதும் என்ற லீபிக்கின் பிழையை ஒத்ததே.

அதற்கு எதிரான பிழையும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் வற்றாது ஓடுவதில்லை. சுண்ணாம்புக் கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். தோட்டத்தில் அளவின்றி இட்ட பசளையின் நைத்திரேற்று, மண் அதனைப் பற்றாமையின், இறைப்பு நீரோடும் மாரி மழையோடும் அதே கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடக்கப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் சிறு குழந்தைகளின் குருதி ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றலை இழப்பதற்கு இது காரணமாகலாம். வே என்பார் 1850இல் கண்ட உண்மை இன்று நம் முற்றத்துக் கிணற்றில் நின்று நம்மை வினவுகின்றது.

லீபிக் பேரறிஞர், எனினும் வயலைக் கேளாது பேசியபோது பிழைத்தார். லோசும் கில்பேட்டும் பெருங்கொள்கை எதனையும் வகுத்திலர். நிறுத்து எழுதினர், ஆண்டுதோறும் எழுதினர். நம் கல்லூரி மாணவர் ஒருவரேனும் தம் வீட்டுக் கிணற்று நீரையும் தோட்டத்திலிடும் பசளையையும் அவ்வாறு அளந்து சில ஆண்டுகள் குறித்து வைப்பாராயின், இக்கட்டுரையினும் பயனுள்ள ஒரு கட்டுரையைப் பின்னொரு மலரில் நாம் படிக்கலாம். மண்ணை அறிந்து, பயிரை அறிந்து, அளவறிந்து இடும் கைக்கு யூரியாவும் நண்பனே, சாணமும் சணலும் நண்பர்களே.